பல்லை அடையும் பாதை

(ஞானப்பல் அறுவை சிகிச்சை குறித்து வாய், தாடை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஞானப்பல் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடுகிறான். தங்கைக்கோ கன்னம் வீங்கி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல், ஒரு வாரம் கஞ்சியிலேயே கழிகிறது. வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "அவனுக்குப் பார்த்த டாக்டர் கைராசிக்காரர்." ராசியை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்தக் கைராசியில் பெரும்பகுதியை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல முடியும். ஈறை எங்கே கீறினார், எவ்வளவு எலும்பை எடுத்தார், எலும்பு சூடேறாமல் பார்த்துக்கொண்டாரா, நாக்குப் பக்கம் கை வைத்தாரா, எப்படித் தைத்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்ற கேள்விகளுக்கான விடைகள்தான் அது. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு வலிப்பதும் வீங்குவதும் பல் போனதால் அன்று. அந்தப் பல்லை அடைய நாங்கள் போட்ட பாதையால். நாங்கள் திறந்த ஈறு, இழைத்த எலும்பு, விலக்கிப் பிடித்த தசை எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் காயம். பாதை குறுகலாக இருந்தால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அகலமாகப் போட்டால் வீக்கம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

கடைவாயில் கடைசியாக நிற்கும் இந்தப் பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. அதற்குள் மற்றப் பற்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இடம் போதாத பல் முன்பக்கம் சாய்ந்து நிற்கும், படுத்துக்கிடக்கும், பின்பக்கம் சாயும், அல்லது நேராக நின்றும் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். ஜார்ஜ் வின்டர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1926-இல் இந்தச் சாய்வுகளை வகைப்படுத்தினார். இன்றும் நாங்கள் அவருடைய பெயர்களைத்தான் சொல்கிறோம். கீழ்த்தாடையில் அதிகம் பார்ப்பது முன்பக்கம் சாய்ந்த பல். அதிகம் அஞ்சுவது பின்பக்கம் சாய்ந்த பல். அது வெளியே வரவேண்டிய திசையில் தாடை எலும்பு சுவராக நிற்கிறது. மேல்தாடை எலும்பு சற்று மென்மையானது. அங்கே பெரும்பாலும் வேலை எளிதாக முடியும். ஆகவே அண்ணனையும் தங்கையையும் ஒப்பிடும்முன் இருவருக்கும் எந்தப் பல், எப்படிச் சாய்ந்திருந்தது, எந்த வயதில் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். வயது கூடக் கூட வேர் முழுதாக வளர்ந்து, எலும்பு இறுகி, வேலை கடினமாகும். இவை மருத்துவர் கையில் இல்லாதவை. இனி அவர் கையில் இருப்பவற்றுக்கு வருவோம்.

முதலாவது, ஈறில் போடும் கீறல். எலும்பைப் பார்க்க வேண்டுமானால் ஈறைக் கீறி ஒரு மடலாக விலக்க வேண்டும். நாங்கள் அதை ஃபிளாப் என்போம். இரண்டு பழக்கங்கள் பரவலாக உண்டு. பக்கத்துப் பற்களின் கழுத்தை ஒட்டியே கீறி, உறையைத் திறப்பதுபோல் ஈறை விலக்குவது ஒன்று. அதோடு முன்புறம் கன்னத்துப் பக்கமாக இன்னொரு சாய்ந்த கீறல் போட்டு, மூன்று மூலையுள்ள மடலாகத் திறப்பது மற்றொன்று. எது நல்லது? மூன்று மூலை மடலில் முதல் நாள் வலியும், பின்னால் நான் சொல்லப்போகும் டிரை சாக்கெட் தொல்லையும் சற்றுக் குறைவாக இருக்கலாம். வீக்கம் சற்றுக் கூடலாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள், அதையும் தயக்கத்தோடு. ஒன்றில் மிச்சம் பிடித்ததை இன்னொன்றில் செலவழிக்கிறோம். இந்தக் கணக்கு இன்றைய பேச்சு முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

கீறல் பின்பக்கம் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதற்கு இன்னும் பெரிய விளைவு உண்டு. தாடையின் உட்புறத்தில், நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அது ஆழத்தில் பத்திரமாக இருக்கும் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 1984-இல் கீசல்பாக், சேம்பர்லின் என்ற இருவர் 34 சடலங்களை அறுத்துப் பார்த்து எழுதிய கட்டுரை அந்த நிம்மதியைக் கலைத்தது. அவற்றுள் 17.6 விழுக்காட்டில், அதாவது ஆறு பேரில், அந்த நரம்பு எலும்பு விளிம்பின் மட்டத்திலோ அதற்கும் மேலோ இருந்தது. வெறும் ஈறு மட்டுமே அதற்குப் போர்வை. கத்தியை நேராகப் பின்னுக்கு இழுத்தால் அந்த நரம்பின்மேல் போய்விடலாம். அதனால்தான் பின்பக்கக் கீறலைக் கன்னத்தின் திசையில் திருப்பச் சொல்லிக் கொடுக்கிறோம். தாடையும் பின்னால் போகப் போக வெளிப்புறமாகத்தான் விரிகிறது.

இரண்டாவது, எலும்பு. இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டனில் சர் வில்லியம் கெல்சி ஃபிரை உருவாக்கி, டெரன்ஸ் வார்டு 1956-இல் விரிவாக எழுதிய ஒரு முறை பல ஆண்டுகள் அங்கே கோலோச்சியது. உளியும் சுத்தியும் கொண்டு, பல்லின் நாக்குப் பக்க எலும்பைப் பிளந்து, பல்லை அந்தப் பக்கமாக வெளியேற்றுவது. பழகிய கையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பாதை நாக்கு நரம்பின் வாசல் வழியாகவே போகிறது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நாக்கு மரத்துப்போனவர்கள் இதில் அதிகம். மயக்கம் கொடுக்காமல், விழித்திருப்பவரின் தாடையில் சுத்தியால் தட்டுவது எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். டிரில் பரவலானதும் கன்னத்துப் பக்கமாக எலும்பை இழைத்து எடுக்கும் முறை நிலைத்துவிட்டது.

அந்த முறையிலும் ஒரு விவாதம் தொடர்ந்தது. டிரில் வழுக்கி நாக்கு நரம்பைத் தொட்டுவிடாமல் இருக்க, நாக்குப் பக்க ஈறுக்கு அடியில் ஓர் உலோகத் தகட்டைச் செருகிப் பிடிப்பது வழக்கம். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் தகடு செருகியவர்களில் தற்காலிகமாக நாக்கு மரத்துப்போவது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. நரம்பைக் காக்கப் போன தகடே நரம்பை நசுக்குகிறது. நிரந்தரச் சேதத்தைத் தகடு குறைத்ததாகவும் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் தேவை இல்லாதபோது அந்தப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் இன்று அதிகம்.

எலும்பைப் பற்றி இன்னொரு செய்தி. எலும்பு உயிருள்ள திசு, சூடு தாங்காது. எவ்வளவு தாங்கும் என்பதை சுவீடனைச் சேர்ந்த எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் இருவரும் முயல்களின் எலும்பில் சோதித்து 1983-இல் எழுதினார்கள். 47 டிகிரி செல்சியஸ், ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் எலும்பு செல்கள் சேதமடைகின்றன. காய்ச்சல் உச்சத்தில் உடம்பு தொடும் சூட்டிலிருந்து இது சில டிகிரிதான் மேலே. டிரில்லில் வேகமாகச் சுழலும் வெட்டு நுனியான பர் இந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். அதனால்தான் நாங்கள் டிரில் செய்யும்போது உதவியாளர் விடாமல் சலைன் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு வாயில் தண்ணீர் நிரம்புவது எரிச்சல்தான். ஆனால் அந்தத் தண்ணீர்தான் அவருடைய அடுத்த வாரத்தைக் காப்பாற்றுகிறது. பழைய, மழுங்கிய பர்ரை அழுத்தி ஓட்டுவதும் சூட்டைக் கூட்டும். புதிய பர்ரை மெதுவாக ஓட்டுவது சூட்டைத் தணிக்கும். பல் அடைக்கப் பயன்படும், காற்றால் சுழலும் டிரில்லையே இதற்கும் எடுத்தால், அதன் காற்று ஈறுக்கு அடியில் புகுந்து கன்னமும் கழுத்தும் உப்பிப்போகும் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சைக்கென்றே வேறு கருவி இருக்கிறது.

மூன்றாவது, பல்லைத் துண்டாக்குவது. அகலமான பீரோவைக் குறுகிய வாசல் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும் என்றால் இரண்டு வழிகள்: வாசலை இடிக்கலாம், அல்லது பீரோவைக் கழற்றலாம். பல்லிலும் அப்படியே. முழுப்பல்லாகவே எடுத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தால் சுற்றியுள்ள எலும்பை நிறைய இழக்க வேண்டும், நெம்புகோலையும் பலமாக அழுத்த வேண்டும். பல்லையே இரண்டாக, மூன்றாக வெட்டி, துண்டுதுண்டாக எடுத்தால் எலும்பு மிஞ்சும். பல் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது; எலும்பு உங்களோடு இருக்கப்போகிறது. "டாக்டர், பல்லை உடைச்சு உடைச்சு எடுத்தாரு, அவருக்குச் சரியா வரல போல" என்று குறைபடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர் உங்கள் தாடையை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

எலும்பை வெட்டுவதில் புதிதாக வந்திருப்பது பீசோ கருவி. இத்தாலியைச் சேர்ந்த டொமாசோ வெர்செலோட்டி இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 30,000 முறை அதிரும் நுனி, கடினமான எலும்பை வெட்டும். மென்மையான நரம்பும் ஈறும் அந்த அதிர்வோடு அசைந்துகொடுத்துத் தப்பிவிடும். வீக்கமும் வாய் இறுக்கமும் இதில் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வேலை முடிய நேரம் கூடுதலாகும், செலவும் கூடும். நேரம் கூடினால் வீக்கமும் கூடும் என்பது இந்தத் துறையின் பொது விதி. ஆகவே பீசோ மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கை நேரம் தின்றுவிடலாம்.

நான்காவது, தையல். பல் எடுத்த குழியை இறுக்கமாக முழுதும் மூடித் தைப்பதுதான் சுத்தம் என்று தோன்றும். ஆனால் உள்ளே கசியும் இரத்தமும் நீரும் வெளியேற வழி இல்லாமல் தேங்கினால் கன்னம்தான் வீங்கும். கொஞ்சம் இடைவெளி விட்டுத் தைத்தால் முதல் நாட்களின் வலியும் வீக்கமும் சற்றுக் குறைகின்றன என்று ஒப்பாய்வுகள் காட்டுகின்றன. விலை என்ன? அந்த இடைவெளியில் உணவுத் துணுக்கு சேரும். நீங்கள் சில வாரங்கள் பொறுமையாகக் கொப்பளித்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். தையல் முழுதாக இல்லையே என்று பதறி ஓடி வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது டிரை சாக்கெட். பல் போன குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் எலும்புக்கு இயற்கை போடும் கட்டு. அது முன்கூட்டியே கரைந்தோ விழுந்தோ போனால் எலும்பு வெறுமையாகிவிடும். முதல் இரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை தெறிக்கும் வலி தொடங்கினால் பெரும்பாலும் இதுதான். 1896-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது. அதோடு, எலும்பு அதிகம் அடிபட்ட சிகிச்சைகளிலும் அதிகம் வருகிறது. அடிபட்ட எலும்பிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் வேலையைத் தூண்டுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். முரட்டுக் கையின் விலை மூன்றாம் நாள்தான் தெரியவரும். வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கழுவி, கிராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்தை வைத்தால் வலி வெகுவாக அடங்கும்.

கீழ்த்தாடைக்குள் ஓடும் இன்னொரு நரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியே கிடக்கும். முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் இதற்கு அடையாளங்கள் உண்டு. ரூட், ஷெஹாப் இருவரும் 1990-இல் ஏழு அடையாளங்களைப் பட்டியலிட்டார்கள். நரம்புக் குழாய் வளைந்து விலகுவது, வேர் அந்த இடத்தில் கறுத்துத் தெரிவது, குழாயின் வெள்ளைக் கோடு அறுபடுவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. அப்படித் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். உண்மையிலேயே ஒட்டியிருந்தால் ஒரு மாற்று வழி இருக்கிறது: பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை அங்கேயே விட்டுவிடுவது. கொரோனெக்டமி என்பார்கள். லண்டனில் டாரா ரென்டன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பை ஒட்டிய பற்களை முழுதாக எடுத்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கு நரம்பு பாதிப்பு வந்தது. வேரை வெற்றிகரமாக விட்டுவைத்தவர்களில் யாருக்கும் வரவில்லை. ஆனால் விட்டுவைக்க முயன்றவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல், வேலையின் நடுவே வேர் ஆடிவிட்டதால் முழுதாகவே எடுக்க வேண்டியதாயிற்று. விட்டுவைத்த வேர் காலப்போக்கில் மேலே நகர்ந்து வரலாம். சிலருக்கு இரண்டாம் சிகிச்சை தேவைப்படும். சொத்தையோ சீழோ வேர்வரை போன பல்லில் இது ஆகாது. நரம்பை ஒட்டாத எல்லாப் பற்களுக்கும் இதைச் செய்வதும் அறிவீனம்.

இவ்வளவு சொன்ன பிறகு, எந்த முறைதான் சிறந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. 62 ஆய்வுகள், 4,643 நோயாளிகள். ஒருவருக்கே வலது தாடையில் ஒரு முறையும் இடது தாடையில் வேறு முறையும் செய்து ஒப்பிட்ட ஆய்வுகளும் அவற்றில் உண்டு. இவ்வளவு இருந்தும், பெரும்பாலான கேள்விகளுக்குக் கிடைத்த சான்று வலுவற்றது என்றுதான் அது முடித்தது. ஒரு கீறலுக்கும் இன்னொரு கீறலுக்கும், ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. அதைவிடப் பெரிய வித்தியாசம், அந்த முறையைச் செய்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. தனக்குக் கைவந்த முறையில் குறைந்த நேரத்தில், குறைந்த எலும்பை எடுத்து முடிப்பவரிடம், நேற்று வாங்கிய கருவியில் இன்று பழகுபவர் தோற்றுவிடுவார். ஆகவே "லேசர் இருக்கா, பீசோ இருக்கா" என்று விளம்பரத்தைப் பார்த்துத் தேடுவதைவிட, இந்த வேலையை அடிக்கடி செய்பவரைத் தேடுவது நல்லது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஒரு வேளை கொடுத்தால் வீக்கமும் வாய் இறுக்கமும் குறைகின்றன. அது இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதால் சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையா? 2021-ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வின்படி, ஒருவருக்கு வரும் தொற்றைத் தடுக்க 19 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். மீதி 18 பேருக்குப் பயனில்லை, பக்கவிளைவு வரலாம். எனவே மருத்துவர் எழுதவில்லை என்றால், மெடிக்கல் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். காஸ் பஞ்சை முதல் அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம். பாட்டி சொன்னாலும் சுடுநீர் ஒத்தடம் அன்று வேண்டாம். காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள், சிகரெட்டை மறந்துவிடுங்கள். ரசம் சாதமோ தயிர் சாதமோ, நன்றாக ஆற வைத்துச் சாப்பிடுங்கள். உப்புநீர் கொப்பளிப்பது மறுநாளிலிருந்து. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அன்றே வாருங்கள். அப்புறம், பல் எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு.

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் பல் எப்படிச் சாய்ந்திருக்கிறது? வேர் நரம்பை ஒட்டியிருக்கிறதா? எலும்பை எடுக்க வேண்டியிருக்குமா, பல்லைத் துண்டாக்குவீர்களா? இதை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வழிகாட்டுதலே ஞானப்பல்லைப் பற்றியதுதான்: நோயில்லாத, தொல்லை தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுக்க வேண்டாம். இதோடு முழுதும் உடன்படாத மருத்துவர்கள் உண்டு. காத்திருந்து, வயதாகி எடுக்கும்போது வேலை கடினமாகிறது, பக்கத்துப் பல் சொத்தையாகிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. திரும்பத் திரும்ப ஈறு வீங்கும் பல்லையும், பக்கத்துப் பல்லை அரிக்கும் பல்லையும் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். ஆனால் எந்தத் தொல்லையும் செய்யாமல் நேராக முளைத்து நிற்கும் பல்லுக்கு, ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வதே போதும். கீறல், டிரில், தையல் என்று இவ்வளவு நேரம் பேசினோம். அவை எல்லாமே எடுத்தாக வேண்டிய பல்லில் காயத்தைக் குறைப்பதற்கு. எடுக்க வேண்டாத பல்லில் அந்தக் காயத்தை முற்றிலும் தவிர்க்க ஒரே முறைதான் உண்டு. அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எடுக்க வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரும், அதைக் கேட்டுக்கொள்ளும் நோயாளியும் இருந்தால் போதும்.